வரைந்தே பிழைக்க முடியுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். வயது 27. சில வருடங்களாகச் சென்னையில் இருக்கிறேன். பதிப்பகங்களுக்கு அட்டைப்படம், பத்திரிகைக் கதைகளுக்குக் கோட்டோவியம், கல்யாண அழைப்பிதழுக்கு மாப்பிள்ளை பெண் படம் என்று எது வந்தாலும் வரைகிறேன். அட்டைக்கு 2,000 கிடைக்கும், சிலர் 3,000 தருவார்கள். புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் தூங்க நேரம் இருக்காது. ஏப்ரல், மே வந்தால் வாடகைக்கு நண்பர்களிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. போன டிசம்பரில் முடித்துக்கொடுத்த வேலைக்கே இன்னும் பணம் வராத இடங்கள் உண்டு. கேட்டால், "விற்பனை வந்ததும் போட்டுவிடறேன் தம்பி" என்கிறார்கள். இப்போது சிலர் ஏஐ படத்தையே வைத்து அட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

காவிரிப் படித்துறைகளை வைத்து நான் ஆரம்பித்த ஓவிய வரிசை பாதியில் நிற்கிறது. அப்பா டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் பார்க்கச் சொல்கிறார். ஒரு கேம் கம்பெனியில் பின்னணி வரைய மாதம் 28,000 தருவதாகச் சொல்கிறார்கள். போனால் கலையை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. காசு பேசவும் கூச்சம், கலையை விற்கிறோமோ என்று ஒரு உறுத்தல். என்ன செய்யலாம்?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

காசு பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடலாம். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற கஷ்டங்களில் பாதிக்கு அதுதான் வேர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வழியாகப் போயிருந்தால் சோழமண்டல் ஓவியர் கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். 1966-ல் அது உருவானபோது அந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தான். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது: நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியே போனதும் சோற்றுக்காக வேறு வேலைகளில் சேர்ந்து, கொஞ்ச நாளில் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி, கைவினைப் பொருள் செய்து விற்கிற ஒரு சங்கம். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி, தோல், பீங்கான், உலோக வேலை என்று செய்தார்கள், விற்றார்கள். ஒரு பங்கு சங்கத்துக்குப் போனது, அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். நாளில் ஒரு பகுதி மெழுகும் சாயமும், மீதி நேரம் சொந்த ஓவியம். தென்னிந்திய நவீன ஓவியம் என்று இன்று கண்காட்சிகளில் மாட்டியிருப்பதில் நல்ல பங்கு இப்படித் துணி விற்ற கைகள் வரைந்தது. அவர்கள் யாரும் அதை மறைத்துச் செய்யவில்லை.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். புத்தக அட்டை, பத்திரிகைத் தொடர்களுக்குப் படம், தலைப்பு எழுத்து எல்லாம் போட்டார். காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்தவரும், பிறகு பெரிய பெரிய கித்தான்களில் வெறும் நிறத்தை வைத்து வரைந்தவரும் அதே மனிதர்தான். அவருடைய அட்டைகளை எங்காவது பழைய புத்தகக் கடையில் பார்த்தால் கையில் எடுத்துப் பாருங்கள், காசுக்குப் போட்ட கோடு எது, தனக்காகப் போட்ட கோடு எது என்று பிரிக்கவே முடியாது.

அதனால் சம்பள வேலைக்குப் போனால் கலை போய்விடும் என்ற பயத்தைத் தள்ளி வையுங்கள். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: அது முடிந்து வீட்டுக்கு வரும்போது உங்கள் கண்ணிலும் கையிலும் என்ன மிச்சம் இருக்கிறது? கேம் பின்னணி என்றால் தினமும் வெளிச்சம், தூரம், கல், தண்ணீர் என்று வரைந்துகொண்டிருப்பீர்கள். படித்துறை வரைகிறவருக்கு அது வீண்போகாது. ஆனால் ரிலீஸ் நெருங்கும்போது ராத்திரி பத்து மணி வரை உட்கார வைப்பார்களா என்று அங்கே ஏற்கனவே வேலை பார்க்கிறவர்களிடம் கேளுங்கள், மேனேஜரிடம் கேட்காதீர்கள். அப்பா சொல்வதும் தப்பில்லை. ஆனால் நிரந்தர ஓவிய ஆசிரியர் பணியிடம் எப்போது வரும் என்று காத்திருப்பது பெரிய பாடு. 2012-ல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவரும் புரிந்துகொள்வார்.

சரி, ஃப்ரீலான்ஸ் வேலைக்கு வருவோம், ஏனென்றால் சம்பளம் வந்தாலும் அதை முழுசாக விட்டுவிட வேண்டாம். உங்கள் தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால் எல்லாப் பதிப்பகத்துக்கும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அட்டை வேண்டும், எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் அழைப்பிதழ் வேலை அப்போது குறுக்கே வராது. தை பிறந்தால் அது ஆரம்பிக்கும், வைகாசி ஆனி வரை போகும். ஆடியில் இரண்டுமே இல்லை. உங்களுக்குச் சித்திரையிலேயே கை வறண்டுபோகிறது என்றால் கல்யாண வேலையைத் தேடிப் போகாமல், வந்தால் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மண்டபக்காரர், போட்டோகிராபர், அழைப்பிதழ் அச்சடிக்கிற கடை, இந்த மூன்று பேரிடமும் தை மாதத்துக்கு முன்பே உங்கள் மாதிரிப் படங்கள் போயிருக்க வேண்டும். ஆடி மாதத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது படித்துறைக்கு. அந்த மாதத்து வாடகையை மார்கழியில் வரும் பணத்திலிருந்து தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது உரிமை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதே இல்லை. வரைந்தவனுக்குத்தான் உரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1957-ம் வருடக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 17-ம் பிரிவு பொதுவாக அப்படித்தான் சொல்கிறது, ஆனால் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: காசு கொடுத்து ஒருவர் ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' உங்களிடம் இருக்கிறதா? வாட்ஸப்பில் "அட்டை வேணும் தம்பி, இரண்டு நாள்ல" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஒரு அட்டைக்கு வரைந்த படம் அப்புறம் மின்னூலில் வருகிறது, ஒலிப்புத்தகத்தில் வருகிறது, காலண்டரில் வருகிறது, கடை வாசலில் பேனராகத் தொங்குகிறது, உங்களுக்கு அந்த 2,000-தான். அதே சட்டத்தின் 19-ம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று வரைகிறவன் பக்கம் நிற்கிறது. ஆனால் அதற்கும் எழுத்து வேண்டும்.

வக்கீல் எல்லாம் தேவையில்லை. வேலையைத் தொடங்கும் முன் மின்னஞ்சலில் இப்படி அனுப்புங்கள்: "இந்த ஓவியத்தின் காப்புரிமை என்னுடையது. உங்கள் நூலின் அச்சுப் பதிப்பு அட்டைக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி தருகிறேன். மின்னூல், ஒலிநூல், விளம்பரம், மற்ற பொருட்களுக்குத் தனிக் கட்டணம். இரண்டு முறை திருத்தம் இதில் அடக்கம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 500. பாதிப் பணம் முன்பணமாக, மீதி முழு அளவுக் கோப்பைத் தருவதற்கு முன்." கீழே, 'சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள்' என்று ஒரு வரி. பதில் வந்தபிறகு பென்சிலை எடுங்கள். காசு பேசக் கூசுகிற உங்களுக்கு இதில் இன்னொரு வசதி, வாயால் பேசவே வேண்டாம், காகிதம் பேசிக்கொள்ளும். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பர் பணத்தை ஜூனிலும் தராதவர்களாக இருப்பார்கள். சின்னப் பதிப்பகங்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வராமல் அச்சகத்துக்கே கடன் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் உங்களுக்குப் பிடித்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து வாங்குங்கள், ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலுவைக்கு ஒரு வழி இருக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாகவே செய்யலாம், காசு கேட்கும் தனியார் தளங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சேவைத் தொழில்களும் இதில் வரும். 2006-ம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி உங்கள் பில்லுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலை எடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பழைய பாக்கிக்கு இது உதவும் என்று நம்பாதீர்கள். பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் '45 நாள்' என்பதையும் போட்டுவிட்டாலே பல கணக்குப்பிள்ளைகள் உங்கள் காகிதத்தை மேலே எடுத்து வைப்பார்கள். அப்புறம், பெரிய நிறுவனங்கள் வருமான வரிக்கென்று 10 சதவீதம் பிடித்தம் செய்திருந்தால் அது தொலைந்த பணம் இல்லை. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும். எத்தனை பேர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏதோ ஒரு படம் இருந்தால் போதும் என்கிறவர்களின் வேலை போகும், அதைப் பிடித்து வைக்க முடியாது. கதையைப் படித்துவிட்டு வரைகிறவரைத் தேடும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்களைத் தேடி வருவது உங்கள் படித்துறைப் படங்களைப் பார்த்துத்தான், ஏற்கனவே போட்ட அட்டைகளைப் பார்த்து இல்லை. அதனால் அந்த வரிசை உங்கள் பிழைப்புக்கும் தேவை. பத்துப் பன்னிரண்டு படம் சேர்ந்ததும் மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளநிலை ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு, இரண்டு ஆண்டு, மாதம் 10,000 ரூபாய். வயது உங்கள் பக்கம் இருக்கிறது.

கேம் கம்பெனிக்குப் போங்கள் என்பதுதான் என் எண்ணம். இரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தில், பணியில் இருக்கும் காலத்தில் நீங்கள் வரைவது எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு பத்தி இருக்க வாய்ப்புண்டு. அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தப் பொருளில் வரைவதும் காவிரி வரிசையும் அதில் சேராது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளி வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பி வையுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்
அண்ணன்