எழுதத் தெரிந்த மாணவி ஏன் பேசவில்லை?

கேள்வி: நான் ஆறு ஆண்டுகளாக ஒரு பள்ளியில் 6, 7, 8 ஆகிய வகுப்புகளுக்குப் பிரெஞ்சு மொழி கற்பித்து வருகிறேன். பள்ளியில் இம்மொழிக்கு நான் ஒருத்தி மட்டுமே. வகுப்புக்கு 40 மாணவர்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். தேர்வில் பெரும்பாலோர் 90க்குக் குறையாமல் வாங்குகிறார்கள். வினைத்திரிபு அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சென்ற மாதம் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட விருந்தினர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். எட்டாம் வகுப்பில் முதலிடம் பெறும் சிறுமியிடம், எங்கே குடியிருக்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மூன்று வருடமாக என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள்?” என்று முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். பேச ஆளில்லாமல் இப்போது என் பேச்சே தடுமாறுகிறது. இலக்கணத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் கற்பிக்கலாமா? வகுப்பில் தமிழே பேசக் கூடாதா? இல்லை, வேலையையே விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்விக்கான முடிவை இந்தப் பருவம் முடியும் வரை எடுக்காதீர்கள். அவமானப்பட்ட மாதத்தில் எழுதும் பணிவிலகல் கடிதம் பெரும்பாலும் அந்த ஒரு நாளைப் பற்றியதாகவே இருக்கும். ஆறு ஆண்டுகள் அதில் இடம்பெறாது.

அந்தச் சிறுமிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். குடியிருக்கும் இடத்தைக் கேட்கும் வாக்கியம் பாடநூலில் “ஊ அபித் த்யு?” என்று இருக்கும். நீங்களும் அப்படித்தான் கற்பித்திருப்பீர்கள், அது பிழையுமில்லை. ஆனால் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர் ஒரு குழந்தையிடம் பேசும்போது வினாச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, “த்யு அபித் ஊ?” என்பார். சற்று வேகமாகப் பேசினால் அதுவும் கரைந்து “தாபித் ஊ?” என்று இரண்டே சொல்லாகிவிடும். “நீ எங்கே வசிக்கிறாய்?” என்று புத்தகத்தில் தமிழ் படித்த வெளிநாட்டவரிடம் நாம் “எங்க இருக்க?” என்று கேட்டால் அவர் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் உங்கள் மாணவியும் விழித்திருக்கிறாள். அவளுக்கு விடை தெரியும். கேள்விதான் அவள் காதுக்கு அந்நியமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். வந்தவர் எத்தனை நொடி காத்திருந்தார் என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்பதும், அதை மூன்று நொடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, “தெரியாது” என்ற பதில் குறைந்தது என்பதும் தெரியவந்தன. தாய்மொழியில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்கே அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. அயல்மொழியில் காதில் விழுந்ததைப் பிரித்துப் பொருளறிந்து விடையைக் கோத்துச் சொல்ல வேண்டிய குழந்தைக்கு இன்னும் சற்று அதிகம் வேண்டும்.

இனி முதல்வரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்ட விதம் தவறு. சக ஆசிரியர்களும் மாணவர்களும் நிற்கும் இடத்தில் ஓர் ஆசிரியையிடம் அப்படிக் கேட்கக் கூடாது. ஆனால் கேள்வியை மட்டும் தனியே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் நமக்கு நன்மை உண்டு. ஆண்டுக்கு 35 வாரம் பள்ளி நடந்தால் உங்களுக்குக் கிடைப்பது 70 பாடவேளை, ஏறத்தாழ 47 மணி நேரம். மூன்று ஆண்டுகளுக்கு 140 மணி. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறையில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள்ளன. அவற்றுள் முதல் படியான ஏ1ஐ எட்டப் பிரெஞ்சுக்குப் பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் சொல்லப்படுகிறது. அது சிறு குழுவில், பெரும்பாலும் தானே விரும்பிச் சேர்ந்த மாணவருக்கான கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆயினும் 140 மணி நேரம் என்பது முதல் படிக்குப் போதாத காலம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காகச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. 40 நிமிடத்தில் பாதியை மாணவர்கள் பேசுவதற்கே விட்டுவிடுகிறீர்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்க, ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்ல, 40 பேருக்கு 20 நிமிடத்தைப் பங்கிட்டால் தலைக்கு 30 நொடி. வாரத்துக்கு ஒரு நிமிடம். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 35 நிமிடம். மூன்று ஆண்டுகளில் அந்தச் சிறுமி பிரெஞ்சில் வாய் திறந்திருக்கக்கூடிய மொத்த நேரம் ஒன்றே முக்கால் மணி, அதுவும் உங்கள் வகுப்பு நான் கற்பனை செய்தபடி நடந்திருந்தால்.

அதே வகுப்பில் பத்து நிமிடம் பிள்ளைகள் இருவர் இருவராகப் பேசினால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும், அதாவது முன்னதைப் போலப் பத்து மடங்கு. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வார நேர அட்டவணையை இரண்டு படிகளாக எழுதுங்கள். முதல் படியில் சில கட்டங்களையும் இரண்டாவதில் வேறு சில கட்டங்களையும் காலியாக விடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. “செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்ன?” என்று பிரெஞ்சில் கேட்டால்தான் கட்டம் நிரம்பும். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காகக் குழந்தை கேட்கும் கேள்வி அது, “இது பேனாவா?” என்று பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் கேட்கும் கேள்விக்கும் அதற்கும் உள்ள தூரத்தை முதல் வகுப்பிலேயே காண்பீர்கள். முதல் வாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் நழுவுவார்கள், நழுவட்டும், வேலை குறுகியதாக இருந்தால் திரும்பி வருவார்கள். இரைச்சல் இருக்கும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பக்கத்து அறைக் கணித ஆசிரியர் கதவருகே வந்து, “ஆசிரியர் இல்லையோ என்று பார்த்தேன்” என்றார். உள்ளே அழைத்து ஒரு தாளைக் கையில் கொடுத்து ஒரு மாணவனோடு உட்கார வைத்தேன். பிறகு அவர் புகார் சொல்லவில்லை. பிரெஞ்சில் கிழமைகளை மட்டும் கற்றுக்கொண்டார்.

இலக்கணத்தை விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஆண், பெண் என்ற பாகுபாடு உயர்திணைக்கு உரியது, மேசை அஃறிணை. அந்த மேசை பிரெஞ்சில் பெண்பால் என்றால் எந்தக் குழந்தையும் “ஏன்?” என்றுதான் கேட்கும். காரணம் தேடாதே, அந்த மொழியில் எல்லாப் பெயருக்கும் ஏதோ ஒரு பால் உண்டு, சொல்லையும் அதன் முன்னே வந்து பால் காட்டும் சிறுசொல்லையும் சேர்த்தே மனத்தில் வை என்று தமிழில் ஒரு நிமிடம் சொன்னால் முடிந்துவிடும். பிரெஞ்சிலேயே விளக்குகிறேன் என்று இறங்கினால் பாடவேளை போய்விடும். அமெரிக்காவின் அயல்மொழி ஆசிரியர் பேரவை, வகுப்பு நேரத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் கற்கும் மொழியிலேயே பேச வேண்டும் என்று 2010இல் பரிந்துரைத்தது. இலக்காக வைத்துக்கொள்ள நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, புரியாத முகங்களுக்கு நடுவே பிரெஞ்சில் தனியே பேசிக்கொண்டு நிற்கும் ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உட்காருங்கள், புத்தகத்தைத் திறங்கள், யார் வரவில்லை, நேரமாகிவிட்டது என்பன போன்று நாள்தோறும் வருவனவற்றைப் பிரெஞ்சில் மட்டுமே சொல்லுங்கள். விளக்கத்துக்குத் தமிழைக் குற்ற உணர்வின்றிப் பயன்படுத்துங்கள்.

பிழை திருத்துவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்லத் தோன்றுகிறது. வயதைச் சொல்லும்போது பிரெஞ்சில் “எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு” என்ற பொருளில் “ஜே தூஸ் ஆன்” என்பார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளை, “நான் பன்னிரண்டு” என்பதுபோல “ஜு ஸ்வி தூஸ் ஆன்” என்று சொல்லும். நாம் உடனே கனிவாக, “ஆம், ஜே தூஸ் ஆன்” என்று சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவோம். திருத்தியதாக நமக்கு நினைப்பு. ஆசிரியை ஆமோதித்தார் என்று பிள்ளைக்கு நினைப்பு. ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகையே என்றும், மாணவர் அதைக் கவனித்து ஏதேனும் எதிர்வினை காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே என்றும் தெரிந்தது. சரியான விடையை நீங்களே தந்துவிடாமல், “ஜு...?” என்று தொடங்கி நிறுத்துங்கள்; காத்திருங்கள். அவ்வினையின் அட்டவணை பிள்ளைக்கு மனப்பாடம். அது பயன்பட வேண்டிய இடம் இதுதான்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பது என் அனுபவம். பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். உங்கள் பள்ளித் தேர்வு நூற்றுக்கு நூறும் எழுத்தாக இருக்கிறது என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் அந்தச் சிறுமி தான் தேர்வு எழுதிய எல்லாவற்றிலும் முதலிடம் பெற்றிருக்கிறாள். பேச்சில் அவளை யாரும் இதுவரை சோதித்ததே இல்லை. 20 மதிப்பெண்ணையாவது பேச்சுக்கு ஒதுக்குமாறு முதல்வரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நாற்பது பேருக்கு எப்படி நடத்துவது என்று அவர் கேட்பார்: இருவர் இருவராக அழைத்தால் 20 இணைகள், இணைக்கு நான்கு நிமிடம், மொத்தம் 80 நிமிடம், அதாவது இரண்டு பாடவேளை. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சி கொடுத்துவிடலாம்.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு கேளுங்கள். வாரத்தின் இரண்டு பாடவேளைகளும் அடுத்தடுத்த நாளில் இருந்தால், அவற்றை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்டுத் திரும்பச் சந்தித்த சொல் நிலைக்கும் என்பது 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துக் கண்ட காலத்திலிருந்து நினைவாற்றல் ஆய்வில் அசையாமல் நிற்கும் செய்தி. மற்றது, ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சிக்குச் செல்ல ஊதியத்துடன் விடுப்பு. கணித ஆசிரியருக்குப் பக்கத்து வகுப்பில் இன்னொரு கணித ஆசிரியர் இருக்கிறார், ஐயம் வந்தால் கேட்கலாம்; உங்களுக்கு இல்லை. ஒற்றை ஆளாக ஒரு மொழியைச் சுமப்பவருக்கு இது சலுகையாகாது. அனைத்தும் ஒரே நாளில் கிடைக்காது. பேச்சு மதிப்பெண்ணை முதலில் வற்புறுத்துங்கள்.

உங்கள் சொந்தப் பேச்சு தடுமாறுவதைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். “இது என்ன, அது என்ன” என்ற அளவிலேயே ஆறு ஆண்டுகள் ஒரு மொழியைப் பேசினால் யாருக்கும் அந்த அளவுக்கு நாக்கு சுருங்கிவிடும். எனக்கும் சுருங்கியது. பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது, எழுத்து வடிவமும் உடன் கிடைக்கும். ஒருமுறை கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே அறிவிப்பாளரின் குரலோடு சேர்ந்து உரக்கப் படியுங்கள். டிவி5மோந்த் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கென்றே பாடக்குறிப்புகளோடு காணொளிகளை வெளியிடுகிறது. எட்டாம் வகுப்புக்கு அவற்றிலிருந்து ஒரு நிமிடத் துண்டு போதும். ஆனால் இவற்றைவிட எனக்கு உதவியது ஒரு மனிதர்தான். வேறொரு பள்ளியில் என்னைப் போலவே தனியாக இருந்த ஆசிரியை ஒருவரும் நானும் வாரம் ஒருநாள் கால் மணி நேரம் தொலைபேசியில் பிரெஞ்சில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் வானிலையையும் உடல்நலத்தையும் தாண்டவில்லை. பிறகு பள்ளியைப் பற்றிக் குறைசொல்லத் தொடங்கினோம், பேச்சு சரளமாகிவிட்டது. பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் அமைப்பு நடத்தும் பயிற்சிகளிலோ பிரெஞ்சு ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலோ அப்படி ஒருவரைத் தேடுங்கள். 1969இல் தொடங்கிய சர்வதேசப் பிரெஞ்சு ஆசிரியர் கூட்டமைப்பில் பல நாட்டுச் சங்கங்கள் உறுப்பாக உள்ளன. நீங்கள் நினைப்பதைவிட அருகிலேயே ஒரு சங்கம் இருக்கக்கூடும்.

அந்தச் சிறுமியிடம் அதற்குப் பிறகு நீங்கள் பேசினீர்களா என்று எழுதவில்லை. பேசுங்கள். உங்களைவிட அவள் அதிகம் குன்றியிருப்பாள். ஏ1 நிலையின் வரையறையே, குடியிருக்கும் இடம், தெரிந்த மனிதர்கள், தன்னிடம் உள்ள பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் முடியும், ஆனால் எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி உதவத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது. உதவி கேட்கும் வாக்கியத்தை அவளுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை. “பர்தோன்? ப்ளு லாந்த்மான், சில் வூ ப்ளே” (மன்னிக்கவும், இன்னும் மெதுவாக, தயவுசெய்து) என்பதை அடுத்த பாடவேளையில் வகுப்புக்கே எழுதிப் போடுங்கள். பிறகு அவளிடம் “தாபித் ஊ?” என்று விருந்தினரின் வேகத்திலேயே கேளுங்கள். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதும், மெதுவாக இன்னொரு முறை கேளுங்கள்.