பெங்களூரு ஹோட்டல் பாரில், தனியாக

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸ் வேலையாக அடிக்கடி பெங்களூரு வருகிறேன். ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கல். கீழே பாரில் ‘பார்பன் டேஸ்டிங்’ என்று அமெரிக்க விஸ்கியில் மூன்று வகையைச் சின்ன கிளாஸில் வைத்துத் தருகிறார்கள். ஒருநாள் சும்மா வாங்கிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. மற்றபடி நான் குடிக்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்கு எரிச்சல்தான் அதிகம் தெரிகிறது. அங்கிருப்பவர் சொல்கிற வனிலா, கேரமல் எதுவும் பிடிபடவில்லை. போன தடவை ஆபீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு மறுநாள் எல்லார் முன்னாலும் “நேத்து பார்ட்டியா மேடம்?” என்று சிரித்தார். வீட்டுக்காரர் போன் செய்தால் ரூமில் இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன். இதை விட்டுவிடவா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். ஆனால் “ரூமில் இருக்கிறேன்” என்று சொல்கிறீர்களே, அதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். வேற்றூரில் தனியாக, கொஞ்சம் மது உள்ளே போன நிலையில் ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது வீட்டில் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆணாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவசரம் என்று வந்தால் உங்கள் கணவர் ரூம் போனுக்கு அடித்துக்கொண்டே இருப்பார், நீங்கள் கீழே இருப்பீர்கள். அதுபோக, போன் எப்போது வருமோ என்று ஒரு காதை அதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த கிளாஸிலும் எதுவும் பிடிபடாது. உங்களுக்கு வனிலா தெரியாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் சாவகாசமான ஒரு நேரம் பார்த்துச் சொல்லுங்கள். “அங்கே பாரில் மூணு வகை விஸ்கி ருசி பார்க்கத் தர்றாங்க, எனக்குப் பிடிச்சிருக்கு, உங்ககிட்ட ரூம்ல இருக்கேன்னு சொன்னது உறுத்துது.” இவ்வளவு போதும். பொய் சொன்னதற்கு வருத்தப்படுங்கள், குடித்ததற்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் முகம் சுளிக்கலாம், ரெண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். பரவாயில்லை, கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மாமியார், நாத்தனார் வரை இது போக வேண்டியதில்லை.

ஆபீஸ்காரர் விஷயம் சின்னது. “ஆமா சார், பார்பன் டேஸ்டிங், நல்லா இருந்தது” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். மறுபடியும் பேசினால் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பேச்சு வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் போனால் எழுத்தில் புகார்தான். டெல்லியில் பார்களில் பெண்கள் வேலையே பார்க்கக் கூடாது என்றிருந்த பழைய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2007-லேயே தூக்கிப் போட்டுவிட்டது. காசு கொடுத்து உட்காருகிற உங்களைப் பார்த்துச் சிரிக்க இவர் யார்? ஒன்று மட்டும், பார் பில்லை ரூம் கணக்கில் ஏற்றி கம்பெனி தலையில் கட்டாதீர்கள். சொந்த கார்டில் அங்கேயே கொடுத்துவிடுங்கள், அந்த வாய்க்கு இன்னொரு தீனி கிடைக்காது.

பாரில் எங்கே உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லை. மூலை டேபிளை விட, ஊற்றுகிறவர் நிற்கிற கவுன்டர் ஸ்டூல் நல்லது. பாட்டில் உங்கள் கண்ணெதிரே திறக்கும், பக்கத்தில் யாராவது தொந்தரவு செய்தால் கவுன்டருக்குள் இருப்பவர் கவனத்தில் இருப்பீர்கள். ஏழு, ஏழரைக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் அவருக்கும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும். ரூம் நம்பர் கேட்டால் வாயால் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதிக் கொடுங்கள். போன் பேச வெளியே போனால் திரும்பி வந்து பழைய கிளாஸைத் தொடாதீர்கள், எவ்வளவு விலையானாலும் போகட்டும். யாரோ உங்களுக்கு ஒன்று வாங்கி அனுப்பினால் பார்டெண்டரிடமே வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருவோம். பார்பன் 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையாமல்தான் பாட்டிலில் அடைக்கப்பட வேண்டும், பல பாட்டில்கள் 45, 50 வரை போகும். பழகாத நாக்கு முதல் மடக்கில் பதறத்தான் செய்யும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் மடக்கு நாக்கை நனைக்கிற அளவு மட்டும், அதை ஒரு கணக்கிலும் சேர்க்க வேண்டாம். அரை நிமிஷம் விட்டு இரண்டாவது துளியை வாயில் வைத்து, மெல்வதுபோல மெதுவாக எல்லாப் பக்கமும் கொண்டுபோய், அப்புறம் விழுங்குங்கள். ருசி அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதற்கும் முன்னால் மூக்கு. கிளாஸைத் தாடைக்குக் கீழே வைத்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள், உதடு லேசாகத் திறந்திருக்கட்டும். மூக்கை உள்ளே விட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் ஆல்கஹால் நெடி ஏறி அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு வாசனையே தெரியாது. டம்ளர் மாதிரி வாய் அகன்ற கிளாஸில் வாசனை பரவிப் போய்விடும், வயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு ஸ்பூனும் சாதாரணத் தண்ணீரும் கேளுங்கள். பாதி குடித்த பிறகு நாலைந்து சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். எரிச்சல் அடங்கி, பின்னால் இருந்த வாசனை முன்னுக்கு வரும். ஐஸ் போட்டால் நாக்கு மரத்துவிடும், சோடா ஊற்றினால் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். டேஸ்டிங் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள், தடை இல்லை.

அந்த வனிலா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பார்பனில் தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும், வெளியிலிருந்து நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. இதெல்லாம் அமெரிக்கச் சட்டம். பீப்பாயில் ஊற்றும்போது அது தண்ணீர்போல நிறமே இல்லாமல்தான் இருக்கும். உள்ளே நெருப்பு வைத்துக் கருக்கும்போது மரத்தில் இருக்கிற சர்க்கரை உருகிப் பழுப்பாகிறது, மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலின் வருகிறது. வெயிலுக்கும் குளிருக்கும் திரவம் மரத்துக்குள் போய்ப்போய் வரும்போது இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. வனிலா எசென்ஸில் இருக்கிற அதே வனிலின்தான், அதனால் அந்த பார்டெண்டர் சும்மா அளக்கவில்லை. ஓக் மரத்திலேயே தேங்காய் மணம் தருகிற ஒரு பொருளும் உண்டு. எனக்கு முதலில் தெளிவாகப் பிடிபட்டது கொப்பரைதான், அதற்கு அப்புறம்தான் வெல்லப்பாகு. மெனுவில் செர்ரி, லெதர் என்று எழுதியிருந்தால் அதையே தேடிக்கொண்டிருக்காதீர்கள். கடலைமிட்டாய் வாசனை வந்தால் கடலைமிட்டாய் என்றே போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே பாட்டிலை நீங்களே அடையாளம் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எந்த மூன்று? மக்காச்சோளத்தோடு இரண்டாவதாக என்ன தானியம் சேர்க்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோதுமை சேர்ந்தால் மிருதுவாக இருக்கும், சிவப்பு மெழுகு முத்திரை போட்ட மேக்கர்ஸ் மார்க் அப்படி. ரை என்கிற தானியம் சேர்ந்தால் மிளகு, பட்டை, கிராம்பு பக்கம் போகும். ஜிம் பீம், வுட்ஃபோர்ட் ரிசர்வ் அந்த வரிசை. கோதுமையில் தொடங்கி ரைக்குப் போங்கள். ஆல்கஹால் சதவீதம் கூடிய பாட்டில் எதுவோ அது கடைசி; வைல்டு டர்க்கி 101 இருந்தால் அது 50.5 சதவீதம், அதை முதலில் எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் சப்பென்று ஆகிவிடும். ஜாக் டேனியல்ஸைக் கொண்டுவந்து வைத்தால், அது டென்னஸி விஸ்கி, மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுவார்கள். ருசி பார்க்கலாம், ஆனால் நீங்கள் தேடுகிற வரிசையில் சேராது. விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், 2025 பிப்ரவரியில் பார்பனுக்கான இறக்குமதி வரியை 150-லிருந்து 100 சதவீதமாகக் குறைத்த பிறகும் அது வரியோடுதான் வருகிறது.

அளவு 15 மில்லியாக வரட்டும். மூன்றும் சேர்ந்தால் 45, ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியைவிடக் குறைவு. 30-க்குக் குறைத்து ஊற்ற மாட்டோம் என்றால் அன்றைக்கு இரண்டு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர். நாலாவது கிளாஸைக் கேட்கத் தோன்றும்போது நாக்கு களைத்திருக்கும், ருசி பார்க்க அதனால் முடியாது, அதற்கு மேல் போவது வெறும் குடிதான். முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் சில்லி சிக்கனும் வெங்காயம் தூவிய மசாலாக் கடலையும் வேண்டாம், நாக்கு அன்றைக்கு அவற்றுக்கே போய்விடும். உப்பில்லாத முந்திரி, பாதாம் போதும். உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவே மாட்டேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பமாக இருந்தால், அல்லது மீட்டிங் மோசமாகப் போன ராத்திரி என்றால், நேராக ரூமுக்குப் போய் மோர் வரவழைத்துக் குடியுங்கள். அந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், கவனம்.

பெங்களூரில் இருக்கிறபோது இன்னொன்றும் செய்யலாம். புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்ற சட்டத்தால் ஒரு தடவை பார்பன் வைத்த பீப்பாயில் மறுபடி பார்பன் வைக்க முடியாது, அவை ஸ்காட்லாந்துக்கும் இங்கேயும் வருகின்றன. 2004-ல் கிளாஸ்கோவில் போய்த் தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட் செய்த பார்லியில் வடிக்கிற விஸ்கி) அறிமுகப்படுத்திய பெங்களூரு விஸ்கி கம்பெனி அம்ருத்தும் அப்படிப்பட்ட பீப்பாய்களைப் பயன்படுத்துகிறது. பீப்பாயில் இருக்கிற விஸ்கி ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம்போல ஆவியாவது, இங்கே வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேலே போகிறது, மரத்தின் ருசியும் சீக்கிரம் ஏறிவிடுகிறது. அடுத்த தடவை மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு அந்த இடத்தில் அம்ருத் கேளுங்கள். பார்பனில் பிடித்துவைத்த வனிலா அதிலும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.