குளிர்காலமும் உள்ளூர்க் காய்களும்: வாசகர் கேள்வி-பதில்

நிலம் உறைந்து கிடக்கும் மாதத்தில் 'உள்ளூர் விளைச்சல்' என்று பலகை வைத்து விற்கிறார்கள். நம்பலாமா?

விசாரித்துவிட்டு நம்பலாம். பகல் பொழுது 10 மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் பெரும்பாலான பயிர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் குளிர்காலத்தில் உள்ளூர்க் காய் என்றால் பெரும்பகுதி முன்பே அறுவடையாகிக் கிடங்கில் இருந்ததுதான். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைகோஸ், பரங்கி, ஆப்பிள் எல்லாம் இந்த வகை. கேல் கீரை, லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் போன்றது), பார்ஸ்னிப் (வெளிறிய கேரட் போன்ற கிழங்கு) போன்ற சில, பனியைத் தாங்கி வயலிலேயே நிற்கும். மிச்சம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்த கீரைகளும் அறைக்குள் வளரும் காளானும்.

ஆகவே "இன்று பறித்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. "எப்போது அறுவடை செய்தீர்கள், அதுவரை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேளுங்கள். விளைவித்தவர் தயங்காமல் பதில் சொல்வார். கடுங்குளிரில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் மூன்றும் ஒரே கடையில் குவிந்திருந்தால், அவை சூடேற்றிய பசுமைக்குடிலில் விளைந்திருக்க வேண்டும், அல்லது மொத்தச் சந்தையில் வாங்கி வந்தவையாக இருக்க வேண்டும். இரண்டும் குற்றமல்ல. ஆனால் எது என்று தெரிந்து காசு கொடுப்பது நல்லது.

கிடங்கில் இருந்த காயில் நல்லதை எப்படிப் பொறுக்குவது?

கண்ணைவிடக் கையை நம்புங்கள். முட்டைகோஸைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். அடித்தண்டு வெட்டு வெளுத்திருந்தால் நல்லது. பழுப்பேறி வெடித்திருந்தால் நாளாகிவிட்டது. வெளி இலை வாடியிருப்பது குறையல்ல, உரித்தால் போயிற்று.

கேரட் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். உடம்பெங்கும் வெள்ளை மயிர்வேர் விட்டிருந்தால் அது ஈரத்தில் வெகுநாள் கிடந்தது, சுவை மங்கியிருக்கும். வெங்காயத்தைக் கழுத்துப் பக்கம் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. பரங்கிக்குக் காம்பு கட்டாயம் இருக்க வேண்டும். காம்பு பிய்ந்த இடத்தில் பூஞ்சணம் சுலபமாக நுழையும். உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பச்சை நிறம் தானாகக் கெடுதல் செய்யாது, ஆனால் அதோடு சேர்ந்தே சொலனின் என்ற கசப்பு நஞ்சும் கூடியிருக்கும். கொஞ்சம்தான் என்றால் ஆழமாகச் சீவிவிடலாம். பெரும்பகுதி பச்சை என்றாலோ, சமைத்தபின் கசந்தாலோ குப்பைக்கு அனுப்புங்கள்.

மொத்தமாக வாங்கி வைத்தோம். கேரட் துவண்டது, உருளைக்கிழங்கு முளைத்தது, பரங்கி அழுகியது. அடுக்குமாடி வீடு, நிலவறை கிடையாது. என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பீர்கள். தவறு அங்கேதான். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குளிர், வேறு வேறு ஈரம் வேண்டும்.

குளிரும் ஈரமும் கேட்பவை கேரட், பீட்ரூட், டர்னிப், முட்டைகோஸ். 0 முதல் 4 டிகிரி வரை போதும், காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கேரட்டின் இலைகளை வாங்கிய அன்றே வெட்டிவிடுங்கள். இலை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பீட்ரூட்டில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டை விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் வேகும்போது சாயம் முழுதும் நீரில் இறங்கிவிடும். கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, சில துளைகள் போட்ட பிளாஸ்டிக் பையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நிறைய இருந்தால் ஒரு பெட்டியில் மணலும் கிழங்குமாக மாற்றி மாற்றி அடுக்கலாம். மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. கிழங்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் ஒன்று அழுகினாலும் மற்றவை தப்பும். ஆப்பிளை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அது வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கு இருட்டும் 7 முதல் 10 டிகிரி குளிரும் வேண்டும். வீட்டின் குளிர்ந்த மூலையில் காகிதப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ, காற்று போக வழிவிட்டு வையுங்கள். சமையலறையின் வெப்பம்தான் அதை முளைக்க வைக்கிறது.

வெங்காயமும் பூண்டும் வறட்சி கேட்பவை. வலைப்பையில் தொங்கவிடுங்கள். முழுப் பூண்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சீக்கிரம் முளைவிடும்.

பரங்கிக்கு 10 முதல் 13 டிகிரி, உலர்ந்த காற்று. முழுப் பரங்கியை ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கித் தோலில் குழி விழும், பிறகு அங்கிருந்து அழுகும். சர்க்கரைவள்ளியும் அப்படித்தான், நெடுநாள் குளிரில் இருந்தால் நடுப்பகுதி எத்தனை வேகவைத்தாலும் கட்டியாகவே நிற்கும். வெட்டிய பரங்கித் துண்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. விதையை வழித்தெடுத்துவிட்டு இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

பால்கனியில் வைக்க நினைப்பவர்கள் மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியும், இரவின் குறைந்தபட்ச அளவைக் காட்டும் வெப்பமானியும் வாங்குங்கள். சுழியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி இறங்கினாலே காய்கள் உறையத் தொடங்கும், உருகியதும் கூழாகிவிடும்.

துவண்ட கேரட்டைத் தூக்கி எறியாதீர்கள். அது இழந்தது நீரை மட்டும்தான். ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் பெரும்பாலும் விறைத்துக்கொள்ளும்.

பனி பட்ட கேல் கீரை இனிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. குளிர் கூடும்போது கேல், பார்ஸ்னிப், கேரட் போன்றவை தங்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் உறையத் தாமதமாகும், செடி பிழைக்கும்.

இதே வேலையை உருளைக்கிழங்கு உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் செய்யும்போதுதான் தொல்லை. எண்ணெயில் போட்டதும் வேகுமுன்பே கருகுவதற்குக் காரணம் அந்தச் சர்க்கரை. அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகம் உண்டாகும். அப்படிப்பட்ட கிழங்கை இரண்டு வாரம் அறை வெப்பத்தில் இருட்டில் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். அல்லது பொரிக்காமல் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

முட்டைகோஸை உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிட்டேன். ஒருமுறை கொழகொழத்தது, மறுமுறை இளஞ்சிவப்பாகியது.

இரண்டுக்கும் உப்பின் மீதுதான் சந்தேகம். கரண்டியால் அளந்திருப்பீர்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது, ஆகவே தராசு வேண்டும். ஒரு கிலோ கோஸுக்கு 20 கிராம் உப்பு. குறைந்தால், அல்லது அறை வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால், கொழகொழக்கும். அதிகமானால், அல்லது சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் தேங்கினால், ஒருவகை ஈஸ்ட் வளர்ந்து சிவக்கும். சிவந்ததைக் கொட்டிவிடுங்கள்.

செய்முறை: வெளி இலையை நீக்கி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் சீவுங்கள். உப்பைத் தூவிப் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிசையுங்கள். அடியில் நீர் தேங்கும். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாதபடி இறுக்க அமுக்குங்கள். விட்ட நீர் கோஸை மூட வேண்டும். போதவில்லை என்றால், காய்ச்சி ஆறவைத்த 250 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். மேலே ஒரு முழு இலையைப் பரப்பிக் கனம் வையுங்கள். ஜாடியின் வாயருகே நாலு சென்டிமீட்டர் இடம் விடுங்கள், பொங்கும். மூடியை இறுக்காமல் 18 முதல் 20 டிகிரியில் மூன்று, நான்கு வாரம் வைத்து, பிறகு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் வழித்துப் போடலாம். மயிர்மயிரான பச்சை, கறுப்புப் பூஞ்சணம் என்றால் ஜாடி முழுதும் போகட்டும்.

உறையவைத்த பட்டாணியும் கீரையும் சத்தில் மட்டமா?

இல்லை. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த கீரையைவிட, பறித்ததும் உறையவைத்த கீரையில் வைட்டமின் சி கூடுதலாகவே இருக்கக்கூடும். விளைச்சல் காலத்தில் நீங்களே செய்யலாம். கொதிநீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடம், கீரையை இரண்டு, பீன்ஸை மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் ஆற்றுங்கள். இந்தக் கொதிநீர்க் குளியலைத் தவிர்த்தால் நொதிகள் ஃப்ரீசருக்குள்ளும் வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். நீர் வடித்து, தட்டில் பரப்பி உறையவைத்த பின் பையில் கட்டினால் ஒரே பாறையாக ஒட்டாது.

தினமும் கிழங்கும் கோஸுமா என்று வீட்டில் முணுமுணுக்கிறார்கள்.

நியாயமான முணுமுணுப்பு! காயை மாற்ற முடியாவிட்டால் பக்குவத்தை மாற்றுங்கள். கேரட், பீட்ரூட், பரங்கியை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 220 டிகிரி ஓவனில் 30 நிமிடத்துக்கு மேல் வாட்டுங்கள். ஓரம் சிவக்க வேண்டும். தட்டில் நெருக்கிப் போட்டால் விட்ட நீராவியிலேயே வெந்து சவசவத்துவிடும், எனவே இரண்டு தட்டு வையுங்கள். பீட்ரூட்டை இன்னொரு நாள் பச்சையாகவே துருவி எலுமிச்சை பிழியலாம். கேல் கீரையில் நடுநரம்பை உருவிவிட்டு, உப்பும் எண்ணெயும் போட்டு இரண்டு நிமிடம் கசக்கினால் பச்சையாகவே மெல்லலாம்.

உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கலாமா?

கூடாது. பூண்டில் ஒட்டியிருக்கும் மண்ணில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாமல், அறை வெப்பத்தில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். மணத்திலும் நிறத்திலும் எதுவும் தெரியாது. ஃப்ரிட்ஜில் என்றாலும் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம். நிறைய இருந்தால் அரைத்து, சிறு வில்லைகளாக ஃப்ரீசரில் வைத்து, உறைந்தபடியே வாணலியில் போடுங்கள்.