சதுர அலைய சைன் அலையா மாத்த ஒரு கெபாசிட்டர் போதுமா?

கேள்வி: எங்க வீட்ல பழைய 800 விஏ ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருக்கு. கரண்ட் போனா ஃபேன் உர்ருனு இரையுது, மோட்டார் ரொம்ப சூடாகுது. அவுட்புட்ல பெரிய கெபாசிட்டர் ஒண்ணு மாட்டினா, லைன் கரண்ட் மாதிரி வழுவழுனு ஏறி இறங்குற சைன் வேவ் ஆயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான், மாட்டலாமா சார்?

பதில்: தயவுசெஞ்சு மாட்டிடாதீங்க. ஸ்கொயர் வேவ் ப்ளஸ்ல இருந்து மைனஸுக்கு சட்டுனு குதிக்கும், கெபாசிட்டருக்கு வோல்ட்டேஜ் அப்படி திடீர்னு மாறினா கரண்ட்ட பயங்கரமா இழுக்கும், அதுவும் 12 வோல்ட்ட 230 ஆக்குற டிரான்ஸ்பார்மர்னா அவுட்புட்ல 10 ஆம்பியர் இழுத்தாலே பேட்டரி பக்கம் 190 ஆம்பியர் மாஸ்ஃபெட் வழியா, அதாவது பேட்டரி கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் வழியா, ஓடணும். ஆன் பண்ண உடனே பட்டுனு ஒரு சத்தம், மாஸ்ஃபெட்டோட கருப்பு மூடி பிளந்து கிடக்கும், நானே பாத்திருக்கேன்.

ஃபேன் இரையுறதுக்குக் காரணம் ஹார்மோனிக்ஸ், அதாவது மெயின் அலையோட கலந்து வர்ற வேகமான குட்டி அலைகள். ஸ்கொயர் வேவுக்குள்ள 50 ஹெர்ட்ஸ் மட்டும் இல்ல, 150 ஹெர்ட்ஸ் மூணுல ஒரு பங்கு, 250 ஹெர்ட்ஸ் அஞ்சுல ஒரு பங்குனு வரிசையா இருக்கு, அதெல்லாம் ஃபேன சுத்த வைக்காது, சூடாவும் இரைச்சலாவும்தான் போகும்.

சரி, முன்னாடி ஒரு காயில் போட்டு அப்புறம் கெபாசிட்டர் போட்டா? கொள்கைப்படி சரிதான். ஆனா 50 ஹெர்ட்ஸ போக விட்டு 150ஐ தடுக்கணும்னா காயிலும் கெபாசிட்டரும் சேந்த இந்த ஃபில்டர 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைக்கணும், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு 0.4 ஹென்றி காயில் வேணும், அது உங்க 800 விஏவுக்கான 3.5 ஆம்பியர் தாங்கணும்னா கிலோ கணக்குல இரும்பு. அத விட ஆபத்து என்னன்னா லோடு இல்லாதப்ப இந்த ஜோடி வோல்ட்டேஜ ஏத்தி விட்டுடும். 230 வோல்ட் ஸ்கொயர் வேவுல 50 ஹெர்ட்ஸ் பங்கு 207 வோல்ட்தான், ஆனா ஃபேன ஆஃப் பண்ணிட்டு வெறும் சார்ஜர் மட்டும் மாட்டியிருந்தா அங்க 340 வரைக்கும் போகும்!

என்னைக் கேட்டா, பெரிய பவர்ல அலை உருவான பிறகு அத செதுக்கக் கூடாது, உருவாகுற இடத்துலயே சரியா உருவாக்கணும். சைன் வேவ் இன்வெர்ட்டர் அதத்தான் செய்யுது, டிசிய 20 கிலோஹெர்ட்ஸ்ல வெட்டி ஒவ்வொரு துண்டோட அகலத்தையும் சைன் கணக்குல கூட்டிக் குறைக்கும், ஒரு சைக்கிளுக்கு 400 துண்டு. அப்ப ஒதுக்க வேண்டிய குப்பையெல்லாம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போயிடுது, அதே 10 மைக்ரோஃபாரட்டோட 1 மில்லிஹென்றி காயில் போதும், 400 மடங்கு சின்னது. இந்த விஷயம் எனக்கு முதல்ல புரிஞ்ச அன்னிக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்ப கன்ட்ரோல் போர்ட மட்டும் மாத்தினா போதுமான்னு அடுத்து கேப்பீங்க. போதாது, 230 வோல்ட் சைனுக்கு உச்சி 325 வேணும், உங்க டிரான்ஸ்பார்மர் உச்சியே 230தான் குடுக்கும், அதுல சைன் செஞ்சா 163 வோல்ட்தான் வரும். டிரான்ஸ்பார்மரையும் திரும்ப சுத்தணும், அதுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்கிடுங்க.

அதுவரைக்கும் இதுல லைட்டும் சார்ஜரும் மட்டும் ஓட்டுங்க. சாதாரண மல்டிமீட்டர வச்சு அவுட்புட்ட பாத்தா 255 காட்டும், பயந்துடாதீங்க, அந்த மீட்டர் சைனுக்குன்னு கணக்கு போட்டது, அலை எந்த வடிவத்துல இருந்தாலும் சரியா அளக்குற ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்ல பாத்தா சரியா 230 வரும்.