புதுத் தண்ணீரில் எதிர் ஏறும் மீன்: வாசகர் கேள்வி-பதில்

கோபி வாசகர்: எங்கள் பள்ளத்தில் (ஓடையில்) பழைய தடுப்பணை ஒன்று மீனை மேலேற விடாமல் நிற்கிறது. ஜேசிபி வைத்து உடைத்துவிடலாமா?

எவ்வளவு உயரம்? எந்தப் பள்ளம்? தண்ணீர் தேங்குகிறதா? ஒன்றையும் எழுதவில்லை. நீர்வளத் துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். அதோடு அணைக்குக் கீழேயும் மேலேயும் வலை போட்டுப் பாருங்கள். கீழே ஜிலேபி (நாட்டு மீனை விரட்டும் வெளிநாட்டு மீன், திலாப்பியா), மேலே நாட்டு மீன் மட்டும் என்றால் அந்தச் சுவர்தான் நாட்டு மீனுக்குக் காவல். விட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: தரைப்பாலத்துக்கு அடியில் குழாய் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் போகிறதே, மீன் போகாதா?

போகாது. இதை எத்தனை முறை எழுதுவது! அணை என்றால் ஊரே பேசும். இந்தக் குழாயைத் தடை என்றே யாரும் நினைப்பதில்லை. பத்தடிப் பள்ளத்தை இரண்டடிக் குழாய்க்குள் நெருக்கினால் தண்ணீர் சீறிப் பாயும். வழவழப்பான சிமெண்டில் மீன் நின்று இளைப்பாற ஒரு கல்கூடக் கிடையாது. நான்கைந்து மழைக்கு அப்புறம் குழாய் வாய்க்குக் கீழே மண் அரித்து, வாய் அந்தரத்தில் தொங்கும். அரையடி தொங்கினாலே கெண்டைக் குஞ்சுக்கு அது மதில் சுவர். ஒரு ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொன்னேன். "மீனுக்கா சார் ரோடு போடறோம்?" என்றார். குழாயைக் கால் பங்கு மண்ணுக்குள் புதைத்து, பள்ளத்தின் அகலத்துக்கு வைத்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். போட்டாகிவிட்டதா? கீழ்ப்புறம் பாறாங்கல்லைச் சரிவாக அடுக்கி, தண்ணீர் மட்டத்தைக் குழாய் வாய் வரை உயர்த்துங்கள். இங்கேயும் ஜிலேபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பவானி வாசகர்: காலிங்கராயன் அணைக்கட்டை எடுத்தால் என்ன?

பாசனத்தை யார் பார்ப்பது? மீன் ஏறப் பக்கத்தில் படி கேளுங்கள், போதும்.

ஈரோடு வாசகர்: விலாங்குக் குஞ்சு வாங்கி ஆற்றில் விட்டால் பெருகுமா?

பெருகாது. விலாங்கு முட்டை போடுவது கடலில். குஞ்சு அங்கிருந்து காவிரி வழியே ஏறி வர வேண்டும். முக்கொம்பும் மாயனூர் கதவணையும் குறுக்கே நிற்கின்றன. ஈரமான, சொரசொரப்பான சுவர் என்றால் குஞ்சு தொற்றி ஏறிவிடும். காய்ந்த சுவரில் முடியாது.

திருப்பூர் வாசகர்: அமெரிக்காவில் செய்தது போல நொய்யல் அணைக்கட்டுகளை எல்லாம் எடுக்கலாமே?

கிளாமத் ஆற்றில் 4 அணைகளை 2024-ல் எடுத்து முடித்தார்கள். அந்த ஆண்டே சால்மன் மீன் மேலேறியது. உண்மைதான். ஆனால் அங்கே வண்டலைத் தோண்டிப் பரிசோதித்த பிறகுதான் கை வைத்தார்கள். நொய்யலில் தேங்கியிருப்பது சாயக் கழிவு கலந்த வண்டல். ஒரே நாளில் திறந்துவிட்டால் அத்தனையும் கரூர்க்காரர் தலையில்.

அவிநாசி வாசகர்: தடையை எடுக்க எந்த மாதம்?

மாசி, பங்குனி. கோடை மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.