மாட்டு உண்ணியைப் படிக்கப் போகிறாளாம் மகள்

அன்புள்ள ஐயா,

"பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தது மாட்டுக்கு உண்ணி பொறுக்கவா?" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அப்பா ஒருவருக்கு இந்தக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். போன கோடையில் உங்கள் ஜெர்சி கலப்பு மாடு காய்ச்சலில் விழுந்து, மூத்திரம் சிவப்பாய்ப் போய்ச் செத்திருக்கிறது. அதே கொட்டகையில் நின்ற உம்பளச்சேரிக் காளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று மகள் அன்றிலிருந்து நச்சரிக்கிறாள். என்ன படிக்கலாம் என்று யோசனை கேட்டு வரும் முப்பது பிள்ளைகளில் ஒன்றுதான் என்னிடம் இப்படிக் கேள்வியோடு வருகிறது. மற்றவர்கள் கட்-ஆஃப் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அவள் கேள்விக்குச் சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் மாடுகளை இதே சிவப்பு மூத்திரக் காய்ச்சல் கொத்துக்கொத்தாய்க் கொன்றது. அதை உண்ணிதான் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவினார்கள். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1897-இல். கில்போர்ன் கால்நடை மருத்துவர். பூச்சி கடித்து நோய் பரவும் என்ற அறிவே மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். நாட்டு மாட்டுத் தோலில் உண்ணி அவ்வளவாகத் தங்காது, கலப்பின மாட்டில் அப்பிக்கொள்ளும். இது உங்களுக்கே தெரியும்.

இந்த உண்ணி ஆராய்ச்சி வேலை என்னவென்று சொல்கிறேன். மாட்டின் காது, அலைதாடி, மடி இடுக்கில் இருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போடுவார்கள். காடு, புதர் என்றால் வெள்ளை ஃபிளானல் துணியைப் புல்லின் மேல் இழுத்துப் போவார்கள், உண்ணி அதில் ஒட்டிக்கொள்ளும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மாடு என்று எழுதாத குப்பி குப்பைக்குத்தான். பிறகு நுண்ணோக்கியில் வைத்து எந்த இனம் என்று பார்ப்பார்கள். அடுத்தது உள்ளே எந்தக் கிருமி என்று தேடும் பரிசோதனை, கோவிட் காலத்தில் ஊரே கேள்விப்பட்ட அந்த பி.சி.ஆர். கடைசியில் எல்லாம் வரைபடத்தில் ஏறும். உண்ணிக்குள் கிருமி அகப்பட்டால் அதுதான் நோயைப் பரப்புகிறது என்று உடனே சொல்லிவிட முடியாது. குடித்த ரத்தத்தோடு உள்ளே போனதாகவும் இருக்கலாம். இந்தப் பொறுமை இருப்பவர்களுக்கான வேலை இது.

டெல்டாவில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அறுவடை முடிந்தால் ராமநாதபுரத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) நம் வயலில் கிடை போட வருகிறார்களே, அந்த ஆடுகளோடு எந்த உண்ணி வருகிறது, எது திரும்பிப் போகிறது? வலசைப் பறவைகள் வந்திறங்கும் கோடியக்கரை இன்னொரு கதை. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணி பரப்பும் வைரஸ். ரஷ்யாவில் இருந்த ஒரு வைரஸுக்கு உறவாக இருந்ததால், வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. அதை ஒட்டித்தான் சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் பெரிய அளவில் அடையாள வளையம் போட ஆரம்பித்தது. கோடியக்கரையில் வளையம் போட்ட கதையின் வேர் அங்கே இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

பத்திரிகையில் வரும் "உண்ணிக் காய்ச்சல்" பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது மாட்டு உண்ணி இல்லை, அதன் தூரத்து உறவான, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உயிரியின் குஞ்சு. மகளிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி படிப்பு. என் முதல் யோசனை கால்நடை மருத்துவம்தான். ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசுக் கல்லூரி இருக்கிறது. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. பட்டம் கையில் இருந்தால் ஆராய்ச்சி கைகொடுக்காவிட்டாலும் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு எழுதலாம், சொந்தமாகவும் பார்க்கலாம். கல்யாணப் பேச்சிலும் "டாக்டர்" நிற்கும் (உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன்).

கிடைக்கவில்லையா, பி.எஸ்ஸி விலங்கியல். பூண்டியிலோ மன்னம்பந்தலிலோ உள்ள கல்லூரியில் சேரட்டும். அதன்பின் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்ஸிக்கு முயலலாம். வாயில் நுழையாத பெயர் வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இளநிலைப் படிப்பு எதிலும் சேர்க்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் ஆராய்ச்சித் திட்டங்களில் சேர்ந்தால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முப்பது வயது வரை நிலையில்லாமல் ஓடும் வாய்ப்பு உண்டு. அதைத் தாங்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

பெண் பிள்ளைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்துக்கு ஒன்று. களத்துக்குப் போகிறவர்கள் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் விட்டுக் கட்டுவார்கள், வெளிர் நிற உடுப்பு, கையுறை, திரும்பியதும் உடம்பெல்லாம் சோதனை. வீட்டில் உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குகிறீர்களே, ஆபத்து அதில்தான் அதிகம். நிறுத்துங்கள்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு மாதம் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டு, காலையில் கூட நிற்கட்டும். சாணி, ரத்தம், உதை எல்லாம் பார்க்கட்டும். கொட்டகை மாடுகளில் வாரம் ஒருநாள் உண்ணியை எண்ணி ஒரு நோட்டில் எழுதட்டும்: தேதி, மாடு, உடம்பில் எந்த இடம், எத்தனை. நாலாவது வாரமும் அந்த நோட்டு நடந்துகொண்டிருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டு மட்டும் போதும், உண்ணிக் குப்பி வேண்டாம்.