பட்டறைக்காரர் மகள் டிசைன் படிக்கலாமா?

வணக்கம் ஐயா. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பதாகவும், பிளஸ் ஒன் படிக்கும் மகள் திடீரென்று 'புராடக்ட் டிசைன்' என்று ஆரம்பித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "படம் வரையறதுக்கு நாலு வருஷப் படிப்பா? அதுக்கு இத்தனை லட்சமா?" என்பது உங்கள் கேள்வி. பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். என்ன படிப்பு என்றே பிடிபடாததால் வரும் பயம்தான் கடிதத்தில் அதிகம் தெரிகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

தேர்தலில் ஓட்டுப் போடும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் பொறியாளர்கள் செய்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் யாரையும் கேட்காமல் சின்னத்தைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் நீலப் பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும். ஒரு பெட்டி அதிகாரியின் மேஜையில், இன்னொன்று மறைப்புக்குள், இரண்டையும் இணைக்க ஐந்து மீட்டர் கேபிள். தர்மபுரிப் பக்கம் மலைக் கிராமத்துக்குக் கழுதை முதுகில் போனாலும் பழுதாகக் கூடாது. இதையெல்லாம் யோசித்து அந்தப் பெட்டிக்கு வடிவம் கொடுத்தவர்கள் மும்பை ஐஐடியின் டிசைன் பிரிவான ஐடிசியின் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும். உங்கள் மகள் கேட்கும் படிப்பு இந்த வேலைக்கானது. படம் வரைவது அதில் ஒரு கருவி, அவ்வளவுதான்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பதை, நான் வழிகாட்டிய ஒரு மாணவனை வைத்தே சொல்கிறேன். தேனிப் பக்கத்துப் பையன், அப்பா பள்ளி ஆசிரியர். ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். வெளிமாநிலத்தில் ஓர் அரசு டிசைன் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள். ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு, வட்டம், நீள்வட்டம் என்று தாள் தாளாக வரைய வேண்டும். பிறகு ஒரு குழாயை, ஒரு ஸ்டேப்ளரை எல்லாப் பக்கமும் திருப்பி வரைய வேண்டும். பரிசு வாங்கிய கைக்கு இது அலுப்பாக இருந்திருக்கிறது. கூடவே மரம், தகடு, பிளாஸ்டிக், களிமண் என்று ஒவ்வொன்றிலும் கைப்பழக்கம். தெர்மோகோலை நேராக வெட்டவே ஒரு வாரம் போராடினேன் என்று போனில் சொன்னான்.

முதல் ஜூரியில்தான் ஆட்டம் கண்டான். இந்தப் படிப்பில் எழுத்துத் தேர்வைவிட ஜூரிதான் பெரிது. செய்ததையெல்லாம் மேஜையில் பரப்பிவைத்து, நான்கைந்து பேர் முன்னால் நின்று விளக்க வேண்டும். இவன் தேங்காய் துருவி ஒன்றைப் பளபளவென்று கம்ப்யூட்டரில் வரைந்து எடுத்துப் போயிருந்தான். "இதை எந்த வீட்டில் பார்த்தாய், யாரிடம் கேட்டாய்?" என்று ஒரே கேள்வி. பதில் இல்லை. எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் திக்கித் திணறியது வேறு. "ஊருக்கே வந்து இன்ஜினியரிங் சேர்ந்துக்கறேன்" என்று அன்று ராத்திரி வீட்டுக்கு போன் செய்தான். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இந்த முதல் வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். மறைப்பதில் பயனில்லை.

விடுமுறையில் வந்தவன் தெருவில் வீடு வீடாகப் போய் அம்மாக்கள் துருவுவதைப் பார்த்தான். கைப்பிடியைச் சுற்றும் வலது கைதான் நோகும் என்று நினைத்திருந்தான். பார்த்தால், தேங்காய் மூடியை அழுத்திப் பிடிக்கும் இடது கைதான் முதலில் ஓய்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. புதிதாகக் கட்டிய சமையலறைகளில் கிரானைட் மேடையின் ஓரம் தடியாக, வெளியே நீட்டாமல் இருக்கிறது. திருகி மாட்டும் துருவி அதில் நிற்காது. ஆகவே பல வீடுகளில் துருவி பரணில்தான் கிடந்தது! துருவியின் அழகை மாற்றி என்ன பயன், அடிப்பாகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அவனுக்கு அங்கேதான் புரிந்தது. திரும்பிப் போய், ஃபோமில் கைப்பிடி மாதிரிகளைச் செதுக்கி, ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்யும் அக்காக்கள் கையில் கொடுத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போட்டான். கடைசியில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் மோல்டு பட்டறை ஒன்றுக்குப் போனபோது அங்கிருந்த மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: பக்கச் சுவர் எல்லாம் செங்குத்தாக இருக்கிறது, ஒன்றிரண்டு டிகிரி சாய்வு இல்லாமல் துண்டு மோல்டை விட்டு வெளியே வராது, தடிமன் ஓரிடத்தில் கூடினால் மேற்பரப்பில் குழி விழும். மறுபடியும் முதலிலிருந்து.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் படிப்பில் பிள்ளை தேறுமா என்பதை ஓவியத் திறமையை வைத்து நான் கணிப்பதில்லை. செய்ததைக் கலைத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னால் முகம் சுளித்தாலும் உட்காருகிறதா என்றுதான் பார்ப்பேன். கோடு போடப் பழகிக்கொள்ளலாம். இந்தப் பொறுமை இல்லாத பிள்ளைகள் மூன்றாம் வருஷம் வரை வந்து சோர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அதைச் சோதிக்கச் செலவே இல்லை. லீவில் அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். மெஷினைத் தொட விடாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்று ஜாப் (கடையும் துண்டு) எப்படி உருவாகிறது என்று பார்க்கட்டும். வீட்டு கிரைண்டரைக் கொடுத்து, மாவு அள்ளுவது, கல்லைத் தூக்கிக் கழுவுவது என்று எங்கே கஷ்டம் இருக்கிறது, எப்படி மாற்றலாம் என்று அட்டையில் செய்து காட்டச் சொல்லுங்கள். கிரைண்டருக்குப் பேர்போன ஊர், பேச ஆள் கிடைப்பார்கள். முதல் மாதிரியைப் பார்த்து "சரியில்லையே" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் என்ன செய்கிறாள் என்பதில் பாதிப் பதில் கிடைத்துவிடும். டை, பாட்டர்ன் என்ற பட்டறை வார்த்தைகளைக் காதில் கேட்டே வளர்ந்த பிள்ளை என்பது சின்ன விஷயமில்லை ஐயா. நகரத்து மாணவர்கள் பலர் அதைக் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

தேர்வுகள் விஷயத்துக்கு வருகிறேன். மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் (UCEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு ஒன்று. மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகள், ஜபல்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான ஐஐஐடிடிஎம் (IIITDM) உள்ளிட்ட இடங்களின் பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) படிப்புக்கு இதுதான் வாசல். ஜேஇஇ தேவையில்லை, பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு முறைதான் எழுத முடியும் என்பதால் 'சும்மா ஒரு தடவை' என்று வீணாக்க வேண்டாம். இன்னொன்று என்ஐடி (NID, தேசிய டிசைன் நிறுவனம்) நடத்தும் டாட் (DAT) தேர்வு. 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய என்ஐடியைப் போலவே இப்போது ஆந்திரா, ஹரியானா, மத்தியப் பிரதேசம், அசாம் மாநிலங்களிலும் தனித்தனி என்ஐடிகள் உண்டு. இதில் முதல்நிலைத் தேர்வுக்குப் பிறகு, நேரில் வரவழைத்துக் கையில் பொருள் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். கோச்சிங் சென்டருக்குப் பெரிய தொகை கட்டும் முன் யூசீட்டின் பழைய வினாத்தாள்களைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் உடனே ஒரு தனியார் கல்லூரியில் பணத்தைக் கொட்டாதீர்கள். மெக்கானிக்கலோ புரொடக்‌ஷனோ படித்துவிட்டு, சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற முதுநிலை டிசைன் படிப்புக்குப் போகலாம். காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்மிலேயே எம்.டெஸ். இருக்கிறது. 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் நம்மூர்க்காரர். அவர் முதலில் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, டிசைனுக்கு மும்பை ஐஐடி போனது பிறகுதான்.

தனியார் கல்லூரிதான் என்று முடிவானால் நீங்களே நேரில் போங்கள். உங்களை ஏமாற்றுவது கஷ்டம். வரவேற்பறையில் உட்காராமல் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். மெஷினில் தூசி படிந்திருக்கிறதா, இரும்புச் சீவல் கிடக்கிறதா என்று உங்கள் கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கடைசி வருஷ மாணவர்கள் கையால் செய்த மாடல்களைக் கேளுங்கள். திரையில் படம் மட்டும் காட்டினால் வந்த வழியே கிளம்பிவிடலாம். பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபீஸுக்கு மேல் லேப்டாப், மாடல் செய்யும் சாமான் செலவுகள் வருஷாவருஷம் வரும். அதையும் கணக்கில் சேருங்கள்.

வேலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் டைட்டன், டிவிஎஸ், சென்னையில் ராயல் என்ஃபீல்டு என்று டிசைனர்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் பக்கத்திலேயே உண்டு. ஆனால் அங்கே இடங்கள் குறைவு. 'புராடக்ட் டிசைனர் தேவை' என்று இணையத்தில் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை செல்போன் ஆப்களின் திரையை வடிவமைக்கும் வேலைக்கானவை. பொருள் செய்யப் படித்த பலர் சம்பளத்துக்காக அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு இது இப்போதே தெரிந்திருக்க வேண்டும். நம் தேனிப் பையன் போகவில்லை. சமையலறைச் சாமான் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தான். ஆப் பக்கம் போன நண்பர்களைவிடச் சம்பளம் குறைவுதான்.

மகள் இப்போது பிளஸ் ஒன் என்பதால் அவசரமில்லை. யூசீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும், தேர்வு ஜனவரியில். ஆக, பிளஸ் டூ படிக்கும்போது வரும் அக்டோபருக்குள் முடிவெடுத்தால் போதும். அதுவரை கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரைண்டர் வேலை எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். அட்டை மாடலைப் போட்டோ எடுத்து அனுப்பினால், பார்த்துவிட்டு நானே அவளிடம் பேசுகிறேன்.